கேப்டனின் பதினெட்டு நாட்கள்

மெழுகுக் கத்தியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேப்டன் கூரையைப் பார்க்கிறார். கூரையில் ஒன்றுமில்லை. ஒரு குழல்விளக்கு, அதைச் சுற்றிப் பிளாஸ்டர் தூசி, அவ்வளவுதான். அதற்கும் மேலே, எங்கோ மேகத்துக்குள், ஒரு விமானம் முனகிக்கொண்டு போகிறது. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் கை அசையாது. மறைந்ததும், யாரும் கேட்காமலே, "பத்து நாப்பது கெளம்பிடுச்சு. போய் எறங்க ஏழரை மணி நேரம்" என்பார். கொஞ்சம் பொறுத்து, "அதுல போனா மூணே முக்கால்" என்று சேர்த்துக்கொள்வார். பிறகு குனிந்து, யாரோ ஒருவருடைய கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லை விட்ட இடத்திலிருந்து செதுக்கத் தொடங்குவார்.

'அது' என்றால் எது என்று அந்தப் பல் லேபில் யாரும் கேட்பதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தெரியாத்தனமாக ஒருமுறை கேட்டுவிட்டு, மதிய இடைவேளை முழுவதையும் பறிகொடுத்திருக்கிறார்கள். ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்த விமானம்தான் அது. முக்கோணச் சிறகு, ஊசி மூக்கு. இறங்கும்போது விமானிக்கு ஓடுபாதை தெரியவேண்டும் என்பதற்காக அந்த மூக்கு மட்டும் தனியாகக் கீழே தாழும். "சின்ன வாசல்ல நுழையறப்ப தலைய குனிவோமே, அந்த மாதிரி" என்று கேப்டன் தானே குனிந்து காட்டுவார். அது பறப்பதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. கேப்டன் அதை நேரில் பார்த்ததில்லை. சொல்லப்போனால், இந்த ஐம்பத்தாறு வயதுவரை அவர் எந்த விமானத்திலும் ஏறியதே இல்லை. கேப்டன் என்பது லேபில் கேலிக்காக வைத்த பட்டம். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதால் அப்படியே நிலைத்துவிட்டது.

தொழில், பல்செட் செய்வது. பல் மருத்துவமனையின் பின்பக்கம் உள்ள நீளமான அறையில், சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எழுதிய எண். முப்பது வருஷமாக இந்தத் தாடைகளுக்கு நடுவில்தான் அவர் குடித்தனம். பழக்கதோஷத்தில், பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கொட்டாவி விட்டால் போதும், இவருக்கு ஓசியில் ஒரு கண்காட்சி. "மேல் வரிசைல நாலாவது வேற யாரோ செஞ்சது, சுமார்தான்" என்று இறங்கி நடக்கும்போது தனக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அவர் செய்த பல்செட் கழலாது. தும்மினாலும் கழலாது, வாய்விட்டுச் சிரித்தாலும் கழலாது, மருமகளைத் திட்டினாலும் கழலாது என்று அவரே வரிசையாகச் சொல்வார். மெருகேற்றி முடித்ததும் அதை ஈரமாக்கி அச்சின்மேல் வைத்து அழுத்துவார். பிறகு மெல்ல இழுப்பார். வராது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் 'சக்' என்று ஒரு சத்தத்தோடு மனமில்லாமல் பிரிந்து வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் தனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும் என்பார். அச்சு வார்க்கும் வேலையிலிருக்கும் பெண்மணி, எல்லோருக்கும் அச்சு அக்கா, "ஒட்டறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல கேப்டன்" என்பார். ஒன்பது வருஷமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் மனிதரிடம் இதைச் சொல்கிறோமே என்று அடுத்த கணமே நாக்கைக் கடித்துக்கொள்வார்.

கேப்டனின் மனைவி தூர தேசத்தில் நர்ஸ். தெருவில் அவருக்கு நர்ஸம்மா என்றுதான் பெயர். பெண்ணின் கல்லூரிப் படிப்புக்காக ஒரே ஒரு ஒப்பந்தம், மூன்றே வருஷம் என்று சொல்லிக்கொண்டுதான் போனார். அன்றைக்கு விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேப்டன், "போயிட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்" என்றார். படிப்பு முடிவதற்குள் மூன்று வருஷம் முடிந்தது, இரண்டாவது ஒப்பந்தம். பிறகு வீட்டின் மேல்தளத்துக்காக மூன்றாவது. படிப்பும் முடிந்தது, தளமும் போட்டாயிற்று, பெண் வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். கேப்டன் மட்டும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் நர்ஸம்மா போனில் என்ன செய்யலாம் என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் கேப்டன் சொன்ன பதில் ஒன்றே: "உன் இஷ்டம்." மனைவியின் வேலைக்குக் குறுக்கே நிற்கும் புருஷன் என்ற பெயர் தனக்கு வரக்கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பு. அதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்வார் என்பது அச்சு அக்காவுக்கு மட்டும் தெரியும்.

தினமும் காலை ஆறு பத்துக்கு அவர்கள் பேசிக்கொள்வார்கள். அங்கே இரவுப் பணி முடியும் நேரம். கேப்டனின் சமையலறை மேசையில் ஒரு பிளாஸ்டர் தாடை இருக்கிறது, மேலும் கீழுமாக முழுசெட். போனை அதன் பற்களுக்கு நடுவே செருகி நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம். அது நர்ஸம்மாவின் பல்வரிசை. எப்போதோ ஒரு பல் உடைந்தபோது எடுத்த அச்சு. கொஞ்சம் திரும்பி நிற்கும் அந்த இடது கோரைப்பல்லை உலகத்தில் எங்கே பார்த்தாலும் தன்னால் அடையாளம் சொல்ல முடியும் என்று அவர் சொல்வதுண்டு. போனில் என்ன பேசுவீர்கள் என்று அச்சு அக்கா ஒருநாள் கேட்டபோது, யோசித்துப் பார்த்து, "நல்லா இருக்கேன்னு அவ சொல்லுவா. நல்லா இருக்கேன்னு நான் சொல்லுவேன்" என்றார்.

வருஷத்துக்கு ஒரு லீவு, இருபத்தொரு நாள். வாசலிலிருந்து வாசலுக்கு முப்பத்தோரு மணி நேரப் பயணம், நடுவில் இரண்டு இடத்தில் இறங்கி ஏறி. வந்து சேர்ந்ததும் நர்ஸம்மா அடித்துப்போட்டது போல ஒரு முழுநாள் தூங்குவார். கேப்டன் அந்த அறையின் வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வருவார், எழுப்ப மாட்டார். இந்த வாசல் காவலில்தான் அவருக்கு அந்த விமானத்தின்மேல் பித்துப் பிடித்தது. அது மட்டும் பறந்துகொண்டிருந்தால் போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள், லீவுக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். ஒன்பது லீவுக்குப் பதினெட்டு. "பதினெட்டு நாள்! கிட்டத்தட்ட ஒரு லீவையே முழுங்கிட்டானுங்க" என்பார், விமானத்தை நிறுத்தியவர்கள் அடுத்த அறையில் ஒளிந்திருப்பது போல. நர்ஸம்மா இருக்கும் திசைக்கு அந்த விமானம் பறந்ததே இல்லை, பறந்திருந்தாலும் இவர்களால் அதில் ஏறியிருக்க முடியாது என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, அந்தப் பதினெட்டு நாளை நினைக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

அதனால்தான் போன வருஷம் அதைத் தானே செய்வது என்று கிளம்பினார். பறக்காத பொம்மை செய்து அலமாரியில் வைப்பதில் அவருக்கு விருப்பமில்லை. அந்த விமானத்தின் உருவத்தில் ஒரு ராக்கெட், மூன்றடி நீளம். நெருப்பு மூட்டினால் உண்மையாகவே மேலே போகவேண்டும், உச்சியில் மூக்கு கழன்று பாராசூட் விரியவேண்டும், உடையாமல் திரும்பி வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் ராக்கெட் விடும் ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவைத் தேடிப்பிடித்துச் சேர்ந்தார். அதற்குத் தலைவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர். வாழ்நாள் முழுக்க நெருப்பை அணைத்தவர் இப்போது வாரம் ஒருமுறை ஆசைதீர மூட்டுகிறார். அவரை எல்லோரும் தீயணைப்பு சார் என்று கூப்பிட்டார்கள்.

வேலை பத்து மாதம் நடந்தது. உடலுக்குக் கெட்டி அட்டைக் குழாய். சிறகுக்கு எடையில்லாத மெல்லிய மரப்பலகை; அதன் வளைவை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தார். மூக்கு மட்டும் பல்செட் செய்யும் அக்ரிலிக்கில் வார்த்தது, அதே மெருகுச் சக்கரத்தில் பளபளவென்று தீட்டியது. ஜன்னல்களைப் பல் இடுக்கு சுரண்டும் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். வெள்ளை வர்ணம் எந்த வெள்ளை என்ற குழப்பம் வந்தபோது, நோயாளிகளுக்குப் பல்லின் நிறம் பொருத்திப் பார்க்கும் மாதிரிப் பற்களை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தார். "விமானமா, கோரைப்பல்லா?" என்று கேட்டார் அச்சு அக்கா. கேப்டன் வரிசையில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

முக்கோணச் சிறகில் ஒரு சள்ளை உண்டு. பார்க்க அழகு, ராக்கெட்டுக்கு ஆகாது. சிறகு முன்பக்கம்வரை நீண்டிருப்பதால் காற்று அதை நேராகப் போக விடாமல் குப்புறத் தள்ளப் பார்க்கும். மூக்கில் கனம் சேர்த்தால்தான் அடங்கும். கேப்டன் மூக்குக்குள் இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ராக்கெட்டின் நடுவில் கயிற்றைக் கட்டி, மொட்டைமாடியில் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். மூக்கு முன்னால் போனால் சரி, வால் முன்னால் போனால் இன்னொரு குண்டு. எதிர்மாடிக்காரர்கள் அந்த நேரத்தில் துணி காயப்போட வருவதை நிறுத்திவிட்டார்கள். பதினோராவது குண்டில் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்டது.

நர்ஸம்மா லீவில் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அதை விடுவதாக ஏற்பாடு. மனைவியை மைதானத்துக்கு அழைத்துப்போய், குழுவினருக்கு அறிமுகப்படுத்தி, ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தார். வயரின் மறுமுனையில் பட்டனை அழுத்தியதும் 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். அந்த வெள்ளை விமானம் ஒரு கோடு கிழித்தாற்போல நேராக மேலே போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். உச்சியில் கவிழ்ந்தது. 'டப்' என்று மெல்லிய வெடிச்சத்தம் கேட்டது. மூக்கு கழலவில்லை. போன வேகத்திலேயே தலைகீழாக வந்து, சிறகுவரை மண்ணில் குத்தி நின்றது.

தீயணைப்பு சார் அதைப் பிடுங்கி எடுத்தார். அட்டைக் குழாய் கசங்கியிருந்தது, ஒரு சிறகு இல்லை. மூக்கைக் கழற்ற உள்ளே வெடித்த மருந்தின் காற்று முன்பக்கம் வழி கிடைக்காமல், அடியிலிருந்த எரிமருந்து மோட்டாரைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. காலுக்கிடையில் குழாயை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். 'சக்' என்று ஒரு சத்தத்தோடு வந்தது.

"என்ன கேப்டன், பசை போட்டு ஒட்டினீங்களா?"

"ஒட்டல சார்" என்றார் கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டு. "பொருத்தினேன்."

முப்பது வருஷக் கை அது. கழலவேண்டிய ஒரு பொருளை அதற்குச் செய்யத் தெரியவில்லை. நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். லீவு முடிய இன்னும் ஏழே நாள். அடுத்த ஞாயிறு இரவு அவருக்கு விமானம். அன்று காலை இதை மறுபடி விட்டே தீருவேன் என்று கேப்டன் திரும்பி வரும் வழியிலேயே சபதம் போட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் லேபே கதி என்று கிடந்தார். பல்செட் வேலை முடிந்ததும் ராக்கெட் வேலை. புதுக் குழாய், புதுச் சிறகு. மூக்கு உடையவில்லை, அதைத் தளர்த்துவதுதான் பாடு. தீயணைப்பு சார் சொல்லிக்கொடுத்த கணக்கு எளிமையானது: ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் மூக்கு தானாக விழக்கூடாது, லேசாக உலுக்கினால் விழவேண்டும். கேப்டன் உப்புத்தாளால் நாலு தேய் தேய்ப்பார், பொருத்திப் பார்ப்பார், கொஞ்சம் ஆடினால் மனசு கேட்காமல் ஒரு சுற்று மெழுகு தடவிவிடுவார். மறுபடி இறுகிவிடும். தன் கையோடு தானே மல்லுக்கு நின்று வியாழக்கிழமைவரை தோற்றுக்கொண்டிருந்தார்.

வியாழன் மதியம் நர்ஸம்மா சாப்பாட்டை எடுத்துக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டார். வார்டில் நடந்து பழகிய வேக நடை. மேசைமேல் இருந்த உப்புத்தாள்களை ஒதுக்கி டப்பாவை வைத்தார். எதிரில் உட்கார்ந்து, கணவர் முதல் கவளத்தை விழுங்கும்வரை பொறுத்திருந்தார்.

"லீவுல நாலு நாள் இதுக்குப் போயிருச்சு. சனிக்கிழமை வரைக்கும் சேத்தா ஆறு" என்றார். "அந்த விமானமே வந்து நம்ம வாசல்ல நின்னிருந்தாலும், ரெண்டு நாள்தாங்க மிச்சம்."

கேப்டன் அடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டார். இத்தனை கணக்குப் போட்டவருக்கு இந்தக் கணக்கு மட்டும் தோன்றவே இல்லை. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

நர்ஸம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். நாலாவது ஒப்பந்தம், மூன்று வருஷம். போனதும் முதல்நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் இரண்டு மாதத்தில் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பலாம். இதை அவர் ஒரு நோயாளிக்கு மருந்துச் சீட்டை விளக்குவது போல நிதானமாகச் சொன்னார். குரல் மட்டும் கடைசியில் கொஞ்சம் பிசிறியது.

"என்ன செய்யட்டும்?"

கேப்டன் தாளைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். வேண்டாம் என்ற சொல் நெஞ்சுவரை வந்துவிட்டது. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு காலையும் போனுக்கு முன்னால் உட்காரும்போது அந்தச் சொல் அதுவரைதான் வந்திருக்கிறது. இவள் அங்கே ஒரு வார்டையே நடத்துகிறவள், இவளை நாலு சுவருக்குள் கொண்டுவந்து உட்கார வைக்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தார். அந்த நினைப்புக்குள் பயமும் கலந்திருந்தது. கேட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

"உன் இஷ்டம்" என்றார்.

நர்ஸம்மா தாளை மடித்துப் பையில் வைத்தார். காலி டப்பாவை அடுக்கினார். "சரி, வரேன்" என்று அச்சு அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேக நடை அப்போது இல்லை.

கேப்டன் மெருகுச் சக்கரத்தைப் போட்டார். அச்சு அக்கா பிளாஸ்டர் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அவங்க இஷ்டம் அவங்களுக்குத் தெரியும் கேப்டன். உங்க இஷ்டம் என்னனுதானே கேட்டாங்க" என்றார். கேப்டன் சக்கரத்தை நிறுத்திவிட்டார். அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போனார். இருவருமாக உட்கார்ந்து பெட்டிக்குப் பூட்டு தேடினார்கள். வெள்ளியும் சனியும் லேபை விட்டு நேரத்தோடு வந்தார். மூக்கை எப்போது தளர்த்தி முடித்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை தீயணைப்பு சார் ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து லேசாக ஒரு உலுக்கு உலுக்கியபோது, அது பொத்தென்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

மைதானத்தில் நல்ல வெயில், கொஞ்சம் காற்று. வீட்டில் பெட்டி கட்டித் தயாராக நின்றது. நர்ஸம்மா இந்தமுறை நாற்காலியில் உட்காராமல், தோளில் கைப்பையோடு கணவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். வெள்ளை விமானம் செங்குத்தான கம்பியில் வானத்தைப் பார்த்து நின்றது. கேப்டன் வயர்களை மாட்டிவிட்டு வந்து, கையடக்கப் பெட்டியைக் கையில் எடுத்தார். அதில் ஒரு சாவியைச் செருகினால்தான் பட்டன் வேலை செய்யும். செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தார்.

தீயணைப்பு சார் கணீரென்று எண்ணத் தொடங்கினார். அஞ்சு. நாலு. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூணு.

கேப்டன் சாவியைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது. ரெண்டு என்று சொல்ல வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வயர் கழன்றுவிட்டதோ என்று ஒருவர் குனிந்து பார்த்தார். கேப்டன் மனைவி பக்கம் திரும்பினார்.

"கையெழுத்து போடாத."

நர்ஸம்மாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"என் இஷ்டம் கேட்டியே. இதுதான். நீ வந்துரு" என்றார் கேப்டன். "பதினெட்டு நாள் பதினெட்டு நாள்னு சொல்லிட்டு திரிஞ்சேன். ஒம்பது வருஷம் போயிருச்சு. அத எண்ணறதுக்கு பயந்துகிட்டுதான் இத எண்ணிட்டு இருந்தேன்."

ஏழெட்டுப் பேரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். தீயணைப்பு சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எண்ணலாமா, இல்லை இன்னும் நேரமாகுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

நர்ஸம்மாவின் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "இத சொல்ல உங்களுக்கு இங்கதான் எடம் கெடச்சுதா?" என்றார். பிறகு கணவரின் கையிலிருந்து சாவியை வாங்கித் தானே அந்தத் துளையில் செருகினார். "மொதல்ல அத விடுங்க. எண்ணுங்க சார்."

தீயணைப்பு சார் அஞ்சிலிருந்து மறுபடி தொடங்கினார்; விதி என்றால் விதி. ஒன்று என்றதும் சீறல் கேட்டது. புகைக் கோட்டின் நுனியில் வெள்ளையாக ஏறி, சிறுத்து, நாற்பது மாடி உயரத்தில் ஒரு கணம் தயங்கியது. 'டப்' என்றது. மூக்கு கழன்றது. சிவப்புப் பாராசூட் சுருளவிழ்ந்து, குலுங்கி, விரிந்தது. கூட்டம் கத்தியது. காற்று அதை மைதானத்தின் மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டு போக, எல்லோரும் அண்ணாந்தபடியே அதன்பின்னால் ஓடினார்கள்.

கேப்டன் ஓடவில்லை. நர்ஸம்மா கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். "இத நீங்க வச்சுக்கங்க. எங்கிட்ட இருந்தா பழக்கத்துல போட்டுருவேன்" என்று அவர் கையில் திணித்தார். செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, வேக நடையாகக் கிளம்பி, பாதி தூரத்தில் அது ஓட்டமாக மாற, பாராசூட் இறங்கும் பக்கம் போனார்.

கேப்டன் தாளைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு கையால் தொடையில் வைத்து நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் தள்ளி, உள்ளங்கையை அதன்மேல் அழுத்திக்கொண்டு நின்றார். மைதானத்தின் மறுகோடியில் நர்ஸம்மா அந்த வெள்ளை விமானத்தை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், ஒன்றும் ஆகவில்லை என்று. பதிலுக்கு அசைக்க, வயர் தொங்கும் பட்டன் பெட்டியோடு இருந்த மறு கையைத்தான் கேப்டன் தூக்கினார். பையின்மேல் இருந்த கையை எடுக்கவில்லை.